துட்டி வீட்டுக்கு முதல் ஆள்

அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எங்கள் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. தக்கலையில் பஸ் இறங்கி, பேட்டரிக் கடைப் பையனைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தங்கமான பையன் என்பார்கள். ஒரு வீட்டில் துட்டி விழுந்தால், சாவுச் செய்தி சொந்தக்காரனுக்குப் போய்ச் சேருவதற்குள் அவன் வந்து நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பான் என்பார்கள். எல்லாம் உண்மைதான். அந்தத் தங்கத்தை நாலு வருஷம் உரசிப் பார்த்தவள் நான். அவர்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

காதலித்த காலத்தில் 'அவர்' என்றுதான் சொல்வேன். என்னைவிட மூத்தவன், நேரில் 'நீங்க' என்பேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவன்' என்று வருகிறது. வந்ததை மாற்றப்போவதில்லை. பெயரையும் போடப்போவதில்லை. போட்டால் அதையும் ஒரு பெருமையாக எடுத்துக்கொள்வான்.

நான் குலசேகரத்துக்காரி. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வீடு. அப்பா மஸ்கட்டில் இருந்தார். படித்து முடித்ததும் தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை கிடைத்தது. அவனுக்குச் சொந்த ஊர் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வயல் கிராமம். தக்கலையில் மாமாவின் பேட்டரிக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பெரியம்மா எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அவளைப் பார்க்க வந்தவன் அந்த வார்டில் இருந்த எல்லாக் கட்டிலுக்கும் போய் விசாரித்தான். ஒருவருக்கு இளநீர் வாங்கி வந்தான், இன்னொருவருக்குத் தலையணையை உயர்த்தி வைத்தான். பெரியம்மா குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் வந்துகொண்டிருந்தான். "இந்தப் பையனுக்கு இங்க சம்பளம் போட்டுக் குடுக்கலாம்" என்று எங்கள் நர்ஸ் அக்கா சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மனசுக்குள் எவ்வளவு நல்லவன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் எனக்கே மஞ்சக்காமாலை வந்து அதே ஆஸ்பத்திரியில் படுத்தேன். தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்தான். நான் முகத்தைச் சுளிப்பேன். "மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஒரே மொடக்கு, மக்கா" என்று கெஞ்சுவான். உப்பில்லாத கஞ்சியை ஊதி ஊதி ஆற்றிக்கொடுப்பான். அம்மாவே அசந்துபோனாள். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எழும்பி நட மக்கா. உங்க வீட்டுல வந்து நான் கேக்கேன்" என்றான். பெண் கேட்டு வருவதைத்தான் சொன்னான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

கண் மஞ்சளித்து, தலை சிக்குப் பிடித்து, குளிக்காமல் கிடக்கிற ஒருத்தியிடம் ஒருவன் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? இந்தக் கோலத்திலேயே இவனுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறதே, நன்றாக இருந்தால் இன்னும் எவ்வளவு பிடிக்கும் என்று நினைப்பாள். நானும் அந்தக் கணக்கைத்தான் போட்டேன். கணக்கு தலைகீழாக இருந்தது.

நான் எழும்பி நடந்தேன். உப்புப் போட்டு, நெத்திலிக் குழம்பு ஊற்றி முதல்முதலாகச் சோறு தின்ற அன்றைக்கு அவன் வந்தான். நான் இரண்டாம் தடவை சோறு போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவோரம் நின்று பார்த்தான். "செரியாயிட்டு, இல்லியா?" என்றான். ஆமாம் என்றேன். "செரி, நல்லது" என்றான். கடைக்கு நேரமாகிறது என்று உட்காராமலே போய்விட்டான். அடுத்த வாரம் முழுக்க ஆளைக் காணவில்லை. பெண் கேட்டு வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

நான் சத்தமாகச் சிரிக்கிறவள். அப்பா மஸ்கட்டிலிருந்து போனில் பேசும்போது என்னைச் சிரிக்கவைக்கவென்றே ஏதாவது கோமாளித்தனம் பண்ணுவார். "நீ சிரிச்சா எனக்கு இங்க சூடு தெரியல்ல பிள்ளே" என்பார். அவனுக்கு அந்தச் சிரிப்பு ஆகாது. "இப்பிடிச் சிரிக்காத, கண்ணு பட்டுரும்" என்பான். என்னைக் கூப்பிட அவனிடம் இரண்டு வார்த்தை இருந்தன. நான் சோர்ந்திருந்தால் மக்கா. புதுச் சேலை கட்டி, பூ வைத்து, நாலு பேர் நன்றாக இருக்கிறாய் என்று சொன்ன நாளில் மேடம். "மேடம் இன்னிக்கு ரொம்ப மேலதான் நிக்கீங்க" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். ஆனால் அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பிவிடுவான்.

கல்யாண வீடுகளில் அவனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு மூலையில், ஏதோ கடனுக்கு வந்தவன்போல நிற்பான். பந்தியில் உட்கார மாட்டான். என் சிநேகிதி கல்யாணத்துக்கு இருவரும் தனித்தனியாகப் போயிருந்தோம். ஆளில்லாத வீட்டுத் திண்ணைபோல இருந்தது அவன் முகம். திடீரென்று சமையல் பக்கம் ஒரு கூச்சல். பாயசம் இறக்கும்போது ஒரு பெரியவரின் கையில் கொட்டிவிட்டது. அவன் ஓடினான். அவரைத் தாங்கிப் பிடித்து, தண்ணீர் ஊற்றி, பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். போகும்போது என்னைக் கடந்துதான் போனான். அப்போதுதான் அவன் முகத்தில் கல்யாணக் களை வந்திருந்தது.

எனக்கு உறைக்க வேண்டியது அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைத்தது எங்கள் வீட்டுப் பால்காய்ப்பில்தான். அப்பா பாடுபட்டுக் கட்டிய வீடு. பால் காய்ச்சிக் குடிபுகுவதற்கு நாள் குறித்தாயிற்று. நான் பஸ்ஸில் நின்றுகொண்டு அவனுக்குப் போன் பண்ணினேன். "ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல அடியந்திரம். காலத்த வந்திரணும்" என்றேன். லைன் கட்டாகிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் அந்த ஒரு வார்த்தை எல்லாவற்றுக்கும் ஓடும். கல்யாணமும் அடியந்திரம்தான், செத்தவருக்குப் பதினாறாம் நாள் சோறு போடுவதும் அடியந்திரம்தான். முன்னால் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால்தான் எது என்று விளங்கும். நான் சேர்க்க மறந்துவிட்டேன். அந்த மாசத் தொடக்கத்தில் என் தாத்தா ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். அது அவனுக்குத் தெரியும், அவர் தேறி எழும்பியது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்துவிட்டான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, துவைத்துக் காயப்போட்ட முகம். வாசலில் குலைவாழை கட்டியிருந்தது. சீரியல் பல்பு மினுங்கிக்கொண்டிருந்தது. அம்மா பட்டுச் சேலையில் வந்து, "வா மக்கா, வா, முதல் ஆளா வந்துட்டியே" என்றாள். தாத்தா முன்னறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். அவன் அவரைப் பார்த்தான், பல்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அப்ப யாருக்கும் ஒண்ணுமில்லியா?" என்றான்.

"என்னத்துக்கு ஒண்ணு வரணும்? இது பால்காய்ப்பு அடியந்திரமில்லா?" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஏமாந்து போயிருந்தான். எனக்கு அந்த முகம் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கிழவர் உயிரோடு இட்லி தின்பதைப் பார்த்து ஒரு மனிதனுக்கு ஏமாற்றம் வருமா? வந்தது. பால் பொங்குகிறவரைகூட நிற்கவில்லை. பார்வதிபுரம் பக்கம் ஒரு துட்டி இருக்கிறது, போகணும் என்று சொல்லிவிட்டுப் போனான். இருந்ததோ, உண்டாக்கிக்கொண்டானோ.

அதன்பிறகு ஒரு தடவை சோதித்தே பார்த்தேன். என் பிறந்தநாள் அன்று காலையில் போன் பண்ணி, "இன்னிக்கு வாறீங்களா? அம்மை பாயசம் வச்சிருக்கு" என்றேன். கடையில் ஆள் இல்லை என்றான். மத்தியானம் மறுபடி பண்ணி, படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். தக்கலையிலிருந்து குலசேகரத்துக்கு எப்படித்தான் வந்தானோ, கையில் கட்டுத்துணியும் வலித் தைலமுமாக வந்து நின்றான். "எங்க மக்கா? எங்க வலிக்கு?" நான் இடது காலைக் காட்டினேன். தரையில் உட்கார்ந்து, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தடவிவிட்டான். எவ்வளவு அன்பு! பொழுது சாயும்வரை இருந்தான். நான் கால் மாறிவிடாமல் நொண்டிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, "சித்திரையில வீட்டுல பேசிருவோம் மக்கா. இனி உன்ன இப்பிடி விட்டுக்கிட்டு இருக்க முடியாது" என்றான்.

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன். கட்டிக்கொள்கிறேன் என்று அவன் வாயால் சொன்னது மஞ்சக்காமாலையின்போது ஒரு தடவை. அப்பாவுக்கு மஸ்கட்டில் விசாவில் சிக்கல் வந்து வீடே அழுதுகொண்டிருந்தபோது ஒரு தடவை. இப்போது, இல்லாத சுளுக்குக்கு ஒரு தடவை. நான் சிரித்துக்கொண்டிருந்த நாளில் ஒருநாளும் சொன்னதில்லை. அவனோடு வாழ வேண்டும் என்றால் நான் கடைசிவரை எதிலாவது விழுந்துகொண்டே இருக்க வேண்டும். இது விளங்கிய பிறகும் நான் அவனை விடவில்லை. காதல் என்று ஒரு பீடை இருக்கிறதே, அது அப்படித்தான்.

அது முடிந்தது ஒரு பேக்கரியில். அரசாங்கப் பரீட்சை எழுதியிருந்தேன், வேலை கிடைத்துவிட்டது. முதலில் அவனிடம் சொல்ல வேண்டும் என்று தக்கலைக்கு ஓடினேன். எதிரில் உட்கார்ந்து பழம்பொரியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு வேல கெடச்சாச்சு. நாகர்கோவில்லதான் ஆபீஸ்."

அவன் கை நின்றது. "கொள்ளாம், நல்லது" என்றான். கொஞ்சம் கழித்து, "இனி மேடத்துக்கு நம்மள எல்லாம் கண்ணு தெரியுமா?" என்றான்.

"வீட்டுக்கு எப்பம் வாறீங்க? அப்பாவும் லீவுல வந்திருக்காவ."

"இப்பந்தான் உனக்கு எல்லாம் நல்லா போகே. பொறவு என்ன அவசரம்?"

"நல்லா போகும்போ வரப்பிடாதா?"

அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "நான் இல்லங்கிலும் நீ நல்லாத்தான் இருப்ப" என்றான்.

"இருப்பேன். அதுனால?"

"அதான்" என்றான்.

நாலு வருஷத்துக்கு அவன் கொடுத்த விளக்கம் அந்த ஒரு வார்த்தைதான். பழம்பொரியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனான். நான் அதையும் எடுத்துத் தின்றேன். அழுதுகொண்டேதான் தின்றேன். ஆனால் அவன் பைக் திரும்பி மறைந்த பிறகுதான் அழுதேன். அந்த அளவுக்கு அப்போதே எனக்குப் புத்தி வந்திருந்தது.

அந்த வருஷமே அவனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் இரணியல் பக்கம். அவளுடைய அப்பா செத்த துட்டிக்குப் போன இடத்தில்தான் அவளைப் பார்த்திருக்கிறான். தகப்பனில்லாத பிள்ளையைச் சீர் எதுவும் வேண்டாம் என்று கட்டிக்கொண்டான் என ஊரெல்லாம் ஒரே புகழ்ச்சி. அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தலைவலி. எந்த டாக்டருக்கும் பிடிபடாத தலைவலி. அவன் தைலம் தேய்த்துக்கொண்டே இருக்கிறானாம். குடும்பம் நன்றாகப் போகிறது என்று கேள்வி.

நான் கட்டிக்கொண்டவர் வேறு மாதிரி. ஊசியைக் கண்டால் எனக்கு முன்னால் அவர் படுத்துவிடுவார். எனக்குக் காய்ச்சல் என்றால் கதவுக்கு வெளியே நின்று, "டாக்டரக் கூப்பிடவா, உங்க அம்மையக் கூப்பிடவா?" என்று கேட்பார். ஒரு கஞ்சி வைக்கத் தெரியாது. ஆனால் எனக்குப் பதவி உயர்வு வந்த அன்று, எதிர்வீடு பக்கத்துவீடு எல்லாம் கூப்பிட்டு அடைப்பிரதமன் பாயசம் ஊற்றி, தானும் கிளாஸ் கிளாஸாகக் குடித்து, மறுநாள் வயிறு கெட்டுப்போய் லீவு போட்டார். நான் சிரித்தால் என்னைவிடச் சத்தமாகச் சிரிப்பார். கஞ்சியை நானே வைத்துக்கொள்கிறேன், எனக்கு இது போதும்.

இப்போது பழிவாங்கிய கதை. நான் அவன் மேல் மண்ணை வாரித் தூற்றவில்லை. ஆள் வைத்து அடிக்கவும் இல்லை. நன்றாக இருந்தேன், இருப்பதை அவனுக்குத் தெரிவித்துக்கொண்டும் இருந்தேன். அவன் நம்பரை அழிக்காமல் வைத்திருந்ததே அதற்குத்தான். புது ஸ்கூட்டர் எடுத்தேனா, அதில் உட்கார்ந்து ஒரு போட்டோ அனுப்பினேன். கல்யாணப் போட்டோ அனுப்பினேன். கன்னியாகுமரிக் கடற்கரையில் நானும் இவரும் பஞ்சுமிட்டாய் தின்கிற போட்டோ அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. பதிலா முக்கியம்? அவன் பார்த்தான், அதுபோதும். ஒரு முறை ஸ்கூட்டரோடு நான் சறுக்கியதை யாரோ அவன் காதில் போட்டிருக்கிறார்கள். உடனே போன். "மக்கா, ஒண்ணும் ஆகல்லியே?" குரலில் அதே தேன். "எனக்கு ஒண்ணும் ஆகல்ல. வண்டிக்குத்தான் லேசா கீறல்" என்றேன். "ஓ" என்று வைத்துவிட்டான். அன்றைக்கு நான் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

போன வருஷம் அப்பா செத்துப்போனார். மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்து, கட்டிய வீட்டில் நிம்மதியாக இருக்க ஆரம்பித்து இரண்டு மழைக்காலம்கூட ஆகவில்லை. காலையில் காப்பி கேட்டவர், கிளாஸை வாங்கக் கை நீட்டவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. அப்பாவை நடுவில் கிடத்தியிருந்தார்கள். எனக்கு நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பெரிய சத்தம் கிளம்பித் தொண்டைவரை வந்துவிட்டது. அப்பா என்று விழப்போனேன். அப்போது பந்தல் காலோரம் அவன் நின்றான்.

அவனுக்குச் சொல்லக் கூடாது என்று போனிலேயே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். யாரும் சொல்லவும் இல்லை. துட்டி அவனுக்குத் தானாகத் தெரிந்துவிடும். என் மாமா வருவதற்கு முன்னால் வந்து, பந்தல்காரனைக் கூப்பிட்டு, ஐஸ் பெட்டி ஏற்பாடு பண்ணி, வந்தவர்களுக்குக் கட்டஞ்சாயா ஊற்றிக்கொண்டிருந்தான். எல்லோரும் அவனைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். கண் கலங்கி, முகமெல்லாம் இளகி, கீழாநெல்லி கொண்டுவந்த நாட்களில் பார்த்த அதே பார்வை. அத்தனை வருஷம் நான் ஏங்கிக் கிடந்த பார்வை. இவ்வளவு நாள் நான் நன்றாக இருந்ததற்குச் சேர்த்து வைத்து வாங்கிக்கொள்ள வந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

பல்லைக் கடித்தேன். தொண்டைவரை வந்த சத்தத்தை விழுங்கினேன். அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

பின்னால் பெண்கள் முணுமுணுத்தார்கள். "மவ கரையல்லியே" என்றாள் ஒருத்தி. எங்கள் பக்கம் அழுவதைக் கரைவது என்போம். "செல்லமா வளத்தாவளே, ஒரு சொட்டு கரையல்லியே" என்றாள் இன்னொருத்தி. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கரைஞ்சுரு பிள்ளே, நெஞ்சு வெடிச்சுரும்." நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெடித்துவிடும் போலத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் ஒரு கிளாஸோடு வந்து பக்கத்தில் குனிந்தான்.

"மக்கா. காலத்தேருந்து ஒண்ணும் குடிக்கல்ல இல்லியா? ஒரு வாய் குடி."

"வேண்டாம்."

"உள்ள அடக்கி வைக்காத. அழுதுரு. நான் இருக்கேன்லா?"

 அவன் இன்னும் தாழ்ந்த குரலில், "ஏன் மக்கா, உனக்கு அழுகை வரல்லியா?" என்று கேட்டான்.

"வருது" என்றேன். "நீங்க போங்க. பொறவு கரைஞ்சுக்கிடுதேன்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்தான்போல, கிளாஸை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான். நான் நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்துச் சிரித்தேன். அப்பா செத்துக் கிடக்கிற முற்றத்தில், ஊரும் உறவும் சுற்றி நிற்க, பல் தெரியச் சிரித்தேன். பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றி எங்கள் ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள், பேசட்டும். அவனுக்கு விளங்கிவிட்டது. முகத்திலிருந்த இளக்கம் எல்லாம் வடிந்துபோனது. கிளாஸைத் தரையில் வைத்தான், எழுந்தான், செருப்பைத் தேடி மாட்டினான்.

"ஏலே, எங்க போற? இன்னும் எடுக்கல்லியே" என்று வாசலில் என் மாமா கேட்டார். அவன் பைக்கை உதைத்துக் கிளப்பினான். எடுப்பதற்கு முன்னால் அவன் துட்டி வீட்டை விட்டுப் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பைக் சத்தம் ரப்பர் தோட்டத்து வளைவில் திரும்பி, தேய்ந்து, கேட்காமல் போகும்வரை காத்திருந்தேன். பிறகு அப்பாவின் மேல் விழுந்து அழுதேன். தொண்டை கிழிய, தூக்க வந்தவர்கள் தள்ளி நிற்க, அம்மா பயந்துபோய் என்னைப் பிடித்துக்கொள்ள, அவ்வளவு அழுதேன். அது முழுக்க என் அப்பாவுக்கு. அவனுக்கு அதில் ஒரு சொட்டுகூடக் கிடைக்கவில்லை.